சர்வோ மோட்டாரைக் கழற்றும் முன்: சிஎன்சி ஆக்சிஸ் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நிலைக்கதவு வேலை நடக்கும் பட்டறைகளுக்குள், கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரூட்டர் வந்துவிட்டது. பூவேலையின் முரட்டு வெட்டை ரூட்டர் எடுக்கிறது. முகமும் மடிப்பும் ஆசாரியின் உளியில் முடிகிறது. ஸ்டெப்பர் மோட்டார் இருந்த இடத்தில் இப்போது பிரஷ் இல்லாத ஏசி சர்வோ உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டியில் அலாரம் விழுந்ததும், "அண்ணே, ஒய் மோட்டார் போயிருச்சு, புதுசு என்ன விலை?" என்று போன் வரும்.

பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். வெளிவட்டத்தில் மூன்று பேஸ் வைண்டிங். நடுவில் காந்தம் ஒட்டிய ரோட்டார். இரண்டு பேரிங், ஒரு ஆயில் சீல், பின்னால் சுற்றிய கோணத்தைச் சொல்லும் என்கோடர். மேலும் கீழும் நகரும் இசட் ஆக்சிஸ் என்றால் கூடவே ஒரு பிரேக். உரசித் தேயும் கார்பன் பிரஷ் கிடையாது. ஓட ஓடத் தேய்வது பேரிங்கும் சீலும்தான். மற்றவை சூட்டிலோ, தண்ணீரிலோ, அடிபட்டோதான் சாகும். ஆனால் அந்த மோட்டார் தள்ளுகிற பால் ஸ்க்ரூ, மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங், பல் வைத்த ரெக், மோட்டாருக்குப் போகும் கேபிள், கேபிளை இழுத்துக்கொண்டு ஓடும் செயின் எல்லாமே நாள் முழுக்கத் தேய்கின்றன. அதனால் தேடுகிற வரிசை எனக்கு எப்போதும் ஒன்றுதான்: முதலில் மெஷின், அப்புறம் கேபிள், கரண்ட், செட்டிங், டிரைவ், கடைசியில் மோட்டார். விலை கூடின பொருளில் தொடங்குவது தப்பான வரிசை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் ஒவ்வொரு கணமும் என்கோடரைப் பார்த்து ரோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ப யு, வி, டபிள்யூ என்ற மூன்று பேஸ் வயரிலும் கரண்டைப் பங்கிட்டு விடுகிறது. கரண்ட், வேகம், இடம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கணக்கு ஓடுகிறது. அலாரம் என்பது அந்தக் கணக்கு எங்கே உதைத்தது என்று சொல்வது மட்டும்தான். ஏன் உதைத்தது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

தொடுவதற்கு முன்

230 வோல்ட் உள்ளே வந்தால் டிரைவுக்குள் சுமார் 325 வோல்ட் டிசி தேங்கி நிற்கும். மெயினை ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் இருக்கும். சார்ஜ் விளக்கு அணைந்து, பத்து நிமிடம் கழிந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் டெர்மினலில் கை வைக்க வேண்டும். இசட் ஆக்சிஸில் வேலை என்றால் பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். பிரேக்கை நம்பி அதற்குக் கீழே கை நீட்டாதீர்கள்.

அலாரம் விழுந்ததும் ரீசெட் பட்டனுக்குக் கை போவதற்கு முன் எண்ணை எழுதி வையுங்கள். நகரும்போது விழுந்ததா, நிற்கும்போதா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, அப்போது டஸ்ட் கலெக்டர் ஓடியதா? பாதி வேலை இந்தக் குறிப்பிலேயே முடிந்துவிடும்.

சர்வோ ஆன் செய்தவுடன் துள்ளுகிறது, கட்டுக்கடங்காமல் ஓடுகிறது

கேபிள் வேலை ஏதாவது நடந்த பிறகு இது வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். யு, வி, டபிள்யூ வரிசை மாறியிருக்கும்.

நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் பம்ப் மோட்டாரிலும் புதுவயல் அரிசி ஆலை மோட்டார்களிலும் கை பழகியவர்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிப் போடுவது அவர்களுக்கு அனிச்சையாக வரும். இண்டக்‌ஷன் மோட்டாரில் அது சரி. சர்வோவில் அப்படிச் செய்தால் திசை மாறாது. என்கோடர் ஒரு பக்கம் சொல்லும், காந்தப்புலம் இன்னொரு பக்கம் சுற்றும். மோட்டார் உதறும், விறைத்து நிற்கும், இல்லாவிட்டால் முழு வேகத்தில் ஓடி முட்டும். திசையை மாற்ற வேண்டுமானால் பாராமீட்டரில்தான் மாற்ற வேண்டும். வயர் எப்போதும் யு-க்கு யு, வி-க்கு வி.

இரண்டு ஆக்சிஸ் கேபிளையும் கழற்றி மாட்டும்போது எக்ஸ் மோட்டாரின் பவரும் ஒய் மோட்டாரின் என்கோடரும் ஒரே டிரைவில் சேர்ந்துவிட்டாலும் இதே கூத்துதான். கழற்றுவதற்கு முன் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

கேபிளை யாரும் தொடவே இல்லை, மோட்டாரை மட்டும் எங்கேயோ பிரித்துப் பார்த்து மாட்டினார்கள் என்றால், என்கோடரின் கோண ஒழுங்கு போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கடைசியில் பேசலாம்.

அலாரமே இல்லை, ஆனால் அளவு தள்ளிப்போகிறது

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தருவது இதுதான். அலாரம் விழுந்தால் மெஷின் நின்றுவிடும். இதில் மெஷின் சந்தோஷமாக ஓடிக்கொண்டே பலகையைக் கெடுக்கும். நிலைக்கு மேலே வரும் கஜலட்சுமி பலகையில் முரட்டு வெட்டு முடிந்து, பிட் மாற்றி, ஃபினிஷ் வெட்டு தொடங்குகிறது. இடப்பக்கத்து யானையின் தும்பிக்கை ஓரத்தில் ஒரு நூல் கனத்துக்குப் படி விழுகிறது. வலப்பக்கம் போகப் போகப் படி பெரிதாகிறது. பர்மா தேக்குப் பலகை அதோடு போச்சு.

முதலில் தள்ளிப்போகும் விதத்தைப் பாருங்கள். ஒரு சோதனை புரோகிராம் போதும்: ஆக்சிஸை அரை மீட்டர் போய்த் திரும்பி வர வைத்து, தொடங்கிய இடத்தில் டயல் கேஜ் வையுங்கள். பலமுறை ஓட விடுங்கள்.

தூரத்துக்குத் தக்கபடி குறைகிறது, ஆயிரம் மில்லிமீட்டர் கேட்டால் எப்போதும் 998 வருகிறது, ஆனால் திரும்பினால் சரியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது என்றால், எதுவும் தொலையவில்லை. கண்ட்ரோலர் அனுப்பும் ஒரு பல்ஸுக்கு (மின் துடிப்பு) எவ்வளவு நகர வேண்டும் என்ற எலக்ட்ரானிக் கியர் கணக்கு தப்பு. 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸுக்கு 0.001 மி.மீ. ஆயிரம் மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் பல்ஸ். உங்கள் மெஷினுக்கும் இதே மாதிரி தாளில் போட்டுப் பாருங்கள். ரெக் பினியன் மெஷினில் பினியனின் சுற்றளவை கேலிப்பரில் அளந்து போடாதீர்கள். பல் எண்ணிக்கையும் மாட்யூலும் (பல்லின் அளவு) வைத்துக் கணக்குப் போடுங்கள்.

போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு, வித்தியாசம் கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கிறது என்றால் அது பேக்லாஷ், அதாவது பாகங்களுக்கு நடுவில் இருக்கும் ஆட்டம். ஸ்க்ரூ நட்டையும் தாங்கு பேரிங்கையும் பாருங்கள்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகிறது என்றால் திசை சிக்னல் தாமதமாக வருகிறது. திசை மாறுவதற்குள் முதல் பல்ஸ் வந்துவிடுகிறது, அது தப்பான பக்கம் எண்ணப்படுகிறது. கண்ட்ரோலரில் திசைக்கும் பல்ஸுக்கும் நடுவில் இருக்கும் நேர இடைவெளியைக் கூட்டினால் சரியாகிவிடும். பல்ஸின் எந்த விளிம்பில் எண்ண வேண்டும் என்ற செட்டிங்கும் மாறியிருக்கலாம்.

ஒழுங்கே இல்லாமல், எப்போதாவது குதிக்கிறது என்றால் இரண்டு காரணம்தான் பாக்கி: இரைச்சல் (சிக்னலில் கலக்கும் மின் குறுக்கீடு) அல்லது வழுக்கல். இதைப் பிரிப்பதற்கு மூன்று எண் வேண்டும். கண்ட்ரோலர் அனுப்பியதாகச் சொல்லும் இடம், டிரைவ் வாங்கியதாகக் காட்டும் பல்ஸ் எண்ணிக்கை, என்கோடர் திருப்பிச் சொல்லும் எண்ணிக்கை. கடைசி இரண்டு எண்ணிக்கையும் டிரைவின் மானிட்டரில் கிடைக்கும்.

சோதனை ஓட்டம் முடிந்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கண்ட்ரோலர் அனுப்பியதும் டிரைவ் வாங்கியதும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் சிக்னல் வயரில் கோளாறு. இரண்டும் ஒத்துப்போகிறது, என்கோடரும் அதையே சொல்கிறது, ஆனால் டயல் கேஜ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எலக்ட்ரானிக்ஸ் முழுக்கச் சுத்தம். மோட்டார் ஷாஃப்ட்டுக்கும் மேஜைக்கும் நடுவில்தான் ஏதோ வழுக்குகிறது. டிரைவ் வாங்கியதும் என்கோடர் எண்ணியதும் மாறுபடுவது அபூர்வம். அப்படி வந்தால் என்கோடரும் அதன் கேபிளும்தான்.

வழுக்கலுக்கு ஒரு மார்க்கர் பேனா போதும். மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாக ஒரு கோடு இழுங்கள். ஒரு நாள் வேலை ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு ஷாஃப்ட்டுக்கும் கப்ளிங்குக்கும் இடையில் முறிந்திருந்தால் கிளாம்ப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கப்ளிங்கின் நடுவிலேயே கோணலாகியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அல்லது தகடு கிழிந்திருக்கிறது. ஷாஃப்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு கப்ளிங்கை மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். துடைத்துவிட்டு, கப்ளிங்குக்குச் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் இறுக்குங்கள்.

இரைச்சல் என்றால் ஸ்பின்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி-யைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் கேபிளும் பல்ஸ் வயரும் ஒரே டிரேயில் கட்டிப்போட்டுப் படுத்திருக்கும். பிரியுங்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பல்ஸ் வயர் முறுக்கிய ஜோடியாக, ஷீல்டோடு இருக்க வேண்டும். ஷீல்டைப் பன்றிவால் மாதிரி முறுக்கி ஒரு திருகில் மாட்டுவதைவிட, உறையை வட்டமாகச் சுரண்டி கிளாம்பில் பிடிப்பது எவ்வளவோ மேல். கண்ட்ரோலரும் டிரைவும் லைன் டிரைவர் சிக்னலை (இரண்டு வயரில் எதிரெதிராகப் போவது) ஏற்குமானால், இரைச்சலுக்கு எளிதில் மாட்டும் ஓபன் கலெக்டரை விட்டு அதற்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் எர்த். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த நம் நிலத்தில் சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். மண் காய்ந்தால் எர்த் தடை ஏறும். மழைக்காலத்தில் வராத கோளாறு கோடையில் வந்தால், குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். குறைந்தால் குழியைப் புதுப்பிக்க வேண்டும். ஸ்பின்டில், டிரைவ், கண்ட்ரோலர், மெஷின் பாடி நாலுக்கும் எர்த் வயர் ஒரே பாருக்கு வரட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகக் கூடாது.

ஓவர்லோடு அலாரம், கை வைக்க முடியாத சூடு

டெல்டா டிரைவில் ஏ.எல்.006, யாஸ்காவாவில் ஏ.710 அல்லது ஏ.720, பானசோனிக்கில் 16. எல்லாம் ஒரே சேதிதான்: தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்ட் அதிக நேரம் போகிறது.

மோட்டாரைத் தொட்டால் சுடுகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பல சர்வோக்களின் காப்பு எஃப் வகுப்பு. வைண்டிங் 155 டிகிரி வரை தாங்கும். வேலை ஓடும்போது மேற்பரப்பு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போவது சகஜம். டிரைவ் காட்டும் லோடு சதவீதத்தைப் பாருங்கள். பிட்டைக் கழற்றிவிட்டு, வெட்டே இல்லாமல் ஆக்சிஸை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஜாக் செய்யுங்கள் (பட்டனை அழுத்தி நகர்த்துங்கள்). சதவீதத்தைக் கண்ணால் தொடருங்கள்.

வெறும் ஓட்டத்தில் லோடு கால் பங்குக்குள் இருந்தால் மெஷின் ஆரோக்கியம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் அங்கே லீனியர் கைடோ ஸ்க்ரூவோ இணையாக இல்லை, அல்லது தேக்குத் தூள் கிரீஸோடு சேர்ந்து கெட்டியாகி உட்கார்ந்திருக்கிறது. பாதை முழுவதும் ஒரே மாதிரி அதிகம் என்றால் கிரீஸ் இல்லாமை, பேரிங் அதிக இறுக்கம், இல்லாவிட்டால் பிரேக். இசட் ஆக்சிஸில் மேலே போகும்போது அதிகம், இறங்கும்போது குறைவு என்பது இயற்கை. ஸ்பின்டிலின் எடை அது.

பிரேக்கை யாரும் சந்தேகிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சர்வோ பிரேக் கரண்ட் போனால் பிடிக்கும், 24 வோல்ட் டிசி வந்தால் விடும். பேனலில் 24 இருந்தால் போதாது. நீளமான மெல்லிய கேபிளில் போய்ச் சேரும்போது வோல்டேஜ் இறங்கியிருக்கும். மோட்டார் பக்கத்து கனெக்டரில் அளக்க வேண்டும்; பல மோட்டார்களுக்குப் பத்து சதவீதம்தான் சலுகை, அதாவது 21.6-க்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். மோட்டார் தன் பிரேக்கோடு தானே மல்லுக்கட்டிச் சூடாகும், லைனிங் தேய்ந்து பின்னால் தூள் கொட்டும். சர்வோ ஆன் ஆகும்போது "டக்" என்று ஒரு தெளிவான சத்தம் வர வேண்டும். மந்தமாக வந்தாலோ, வராமலே போனாலோ அங்கே தொடங்குங்கள். இது நிற்கும்போது பிடித்துக்கொள்வதற்கான பிரேக். ஓடும்போது நிறுத்துவதற்கு அதைப் பயன்படுத்தினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் மோட்டார் வைத்து, மேஜைக்கு மேல் பாலம் மாதிரி நகரும் கேன்ட்ரி ரூட்டரில் இன்னொரு வகை உண்டு. மெஷின் சும்மா நிற்கிறது, ஆனாலும் இரண்டு ஒய் மோட்டாரும் சூடாகிறது. இரண்டு டிரைவின் டார்க்கையும் பாருங்கள். ஒன்றில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் கேன்ட்ரி கோணலாக நிற்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. சர்வோவை ஆஃப் செய்தால் கேன்ட்ரி லேசாக நெளிந்து தளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு பக்கத்து ஹோம் சென்சார் (தொடக்க இடத்தைக் காட்டுவது) இடத்தையும் திருத்தி, மூலை மட்டம் பார்த்து மறுபடி ஹோம் செய்யுங்கள். இதற்கு மோட்டார் மாற்றினால் புது மோட்டாரும் அப்படியே சுடும்.

கரண்ட் கொஞ்சம் கூடினாலே சூடு நிறையக் கூடும். கரண்ட் 20 சதவீதம் ஏறினால் வைண்டிங்கில் வெப்பம் 44 சதவீதம் ஏறும். பல டிரைவும் மோட்டாரும் சுற்றுச்சூழல் 40 டிகிரி என்று வைத்துத்தான் மதிப்பிடப்படுகின்றன. தகரக் கூரைப் பட்டறையில், மே மாதப் பிற்பகலில், மூடிய பேனலுக்குள் 40 என்பது கனவு. காலையில் ஓடி மதியம் மட்டும் டிரிப் ஆகிற மெஷினில் பேனல் ஃபேன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், மரத்தூள் பாய் மாதிரி படிந்திருக்கும். உள்ளே கம்ப்ரசர் காற்று அடிக்காதீர்கள். அதில் ஈரமும் எண்ணெயும் வரும், தூளும் டிரைவுக்குள் போய் அடையும். வேக்வம் வைத்து உறிஞ்சுங்கள்.

நிற்கும்போதே முனகுகிறது, வெட்டில் அலை தெரிகிறது

சர்வோவை ஆஃப் செய்துவிட்டு ஆக்சிஸைக் கையால் தள்ளுங்கள். கரகரவென்ற சத்தம் அப்போதும் வந்தால் பேரிங் அல்லது கைடு. எந்த பாராமீட்டரும் அதைச் சரிசெய்யாது. ஆஃப் செய்ததும் சத்தம் நின்றுவிட்டால் கெயினை, அதாவது டிரைவ் பிழையை எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்ற செட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

இடத்துக்கான கெயினைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பழைய மதிப்பை எழுதி வைத்த பிறகுதான். மேஜை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மெதுவாக முன்னும் பின்னும் ஆடியது இதில் நின்றுவிட்டால், வேகக் கணக்கைவிட இடக் கணக்கு அவசரப்படுகிறது, அல்லது கப்ளிங்கில் தளர்ச்சி இருக்கிறது. கீச்சென்ற உயர்ந்த ஒலி என்றால் வேகக் கெயின் அதிகம், அல்லது ஸ்க்ரூவும் கப்ளிங்கும் சேர்ந்து அதிர்கின்றன. அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் அடக்கும் நாட்ச் ஃபில்டர் போட வேண்டும். புதுசாக வாங்கியபோது அமைதியாக இருந்த மெஷின் இப்போது முனகுகிறது என்றால் கெயினைக் குறைத்து மூடி வைப்பது தப்பு. பெரும்பாலும் கெயின் மாறியிருக்காது, மெஷின்தான் தளர்ந்திருக்கும். திருகுகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு அப்புறம் பாராமீட்டருக்கு வாருங்கள்.

வெட்டிய பரப்பில் அலை தெரிந்தால் நான் முதலில் எடுப்பது ஸ்டீல் ஸ்கேல். சாய்வாக வெளிச்சம் அடித்து, பத்து அலைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பத்தால் வகுங்கள். மோட்டார் நேரடியாக 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலை 10 மி.மீ.-க்கு ஒருமுறை வந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்று. வளைந்த ஷாஃப்ட், மையம் தப்பிய கப்ளிங், ஸ்க்ரூ முனை. எட்டுத் துருவ மோட்டாரில் நான்கு ஜோடித் துருவம். அலை 2.5 அல்லது 1.25 மி.மீ.-க்கு ஒருமுறை வந்தால் மின்சாரச் சுழற்சியோடு ஒத்துப்போகிறது. டிரைவின் கரண்ட் சென்சார், ஒரு பேஸ் கனெக்‌ஷன் தளர்ச்சி, என்கோடர் கோணம் இவற்றில் ஒன்று. பத்துத் துருவம் என்றால் 2 மற்றும் 1 மி.மீ. ஃபீடை (வெட்டும்போது நகரும் வேகம்) கூட்டிக் குறைத்துப் பாருங்கள்: இடைவெளி மாறாமல் இருந்தால் மேலே சொன்னவை. ஃபீடோடு சேர்ந்து மாறினால் அதிர்வு நேரத்தைச் சார்ந்தது. கெயின் அல்லது ஸ்பின்டில்.

பொசிஷன் எரர் அதிகம்

டெல்டாவில் ஏ.எல்.009, பானசோனிக்கில் 24, ஃபானுக்கில் நிற்கும்போது 410, நகரும்போது 411. கேட்ட இடத்துக்கும் வந்த இடத்துக்கும் இடைவெளி எல்லை மீறிவிட்டது. எல்லையைக் கூட்டி அலாரத்தை அமுக்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

வேகம் ஏறும்போது மட்டும் விழுந்தால் ஆக்சிலரேஷன் அதிகம், குறைத்துப் பாருங்கள். எப்போது போனாலும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே இடிக்கிறது. சர்வோ ஆன் ஆகும்போதே விழுந்தால் பிரேக் விடவில்லை, அல்லது ஒரு பேஸ் வயர் விட்டுப்போயிருக்கிறது. ஓவர்லோடுக்குச் சொன்ன வெறும் ஓட்டச் சோதனை இதற்கும் பொருந்தும்.

இவற்றில் பிடிபடவில்லை, எக்ஸும் ஒய்யும் ஒரே மாடல் என்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு டிரைவின் பாராமீட்டரையும் சேமித்துக்கொண்டு, பவர் கேபிள், என்கோடர் கேபிள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார் அல்லது அதன் கேபிள். டிரைவோடு தங்கினால் டிரைவ். மெதுவாக, எமர்ஜென்சி பட்டனில் ஒரு கை வைத்துக்கொண்டு ஜாக் செய்யுங்கள். அந்த நேரத்தில் லிமிட் சுவிட்சும் ஹோமும் ஆக்சிஸ் மாறி வேலை செய்யும்.

என்கோடர் அலாரம்

முக்கால்வாசி கேபிள்தான். செயினுக்குள் வளைந்து வளைந்து உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கும், வெளித்தோல் பளபளவென்று இருக்கும். அலாரம் எப்போதும் மேஜை ஒரே இடத்தில் இருக்கும்போது விழுந்தால் சந்தேகமே வேண்டாம். மெதுவாக ஜாக் செய்துகொண்டே, செயினின் வளைவில் கேபிளை விரலால் லேசாக அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செயினுக்கு என்றே செய்த, அடிக்கடி வளையும் ரகக் கேபிளைத்தான் மாற்றாகப் போட வேண்டும். மரம் அடுக்கிய பட்டறைகளில் எலிக்கடியையும் பாருங்கள், பேனலின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்பதையும்.

என்கோடர் கம்பிகளில் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் காப்பை அளக்கும் மீட்டர்) வைக்கவே கூடாது. ஒரே தடவையில் செத்துவிடும்.

ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ்

வேகத்திலிருந்து நிறுத்தும்போது மட்டும் ஓவர் வோல்டேஜ் வந்தால் ரீஜென் ரெசிஸ்டர். மோட்டார் நிற்கும்போது ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளுகிறது. அதைச் சூடாக்கித் தீர்க்கும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் டிரைவுக்குள் தேங்கும் டிசி வோல்டேஜ் ஏறும். கழற்றி ஓம் அளந்து, மேலே எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். சும்மா நிற்கும்போதே வந்தால் உள்ளே வரும் சப்ளையை அளங்கள், குறிப்பாக இரவில். அண்டர் வோல்டேஜ் டஸ்ட் கலெக்டர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் விழுந்தால் இரண்டுக்கும் தனித்தனி லைன் இழுங்கள். கான்டாக்டர் முனை கருகியிருந்தாலும் இதேதான்.

காலையில் மெஷின் தன் இடத்தை மறந்துவிட்டது

பவர் போனாலும் இடத்தை நினைவில் வைக்கும் அப்சல்யூட் என்கோடருக்கு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும். டெல்டாவில் ஏ.எல்.061, யாஸ்காவாவில் ஏ.830 வந்தால் பேட்டரி இறங்குகிறது, ஏ.எல்.060, ஏ.810 என்றால் இடம் தொலைந்தே போய்விட்டது. முதல் எச்சரிக்கையிலேயே மாற்றுங்கள். டிரைவின் கண்ட்ரோல் பவர் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் இருக்கிற கணக்கும் போய்விடும். ஆயுத பூஜை, தீபாவளி என்று தொடர்ந்து பட்டறையை மூடுவதற்கு முன் பேட்டரியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் பார்த்தாச்சு, மோட்டார்தான்

அப்படியானால் அதையும் கழற்றாமலே நிரூபிக்க முடியும். டிரைவிலிருந்து யு, வி, டபிள்யூ மூன்றையும் பிரித்துவிடுங்கள்.

யு-வி, வி-டபிள்யூ, டபிள்யூ-யு மூன்று ஜோடியின் தடையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு ஓமுக்கும் குறைவாக இருந்தால் மீட்டர் வயரின் தடையே அதில் பாதியாக இருக்கும். வயர் முனைகளைச் சேர்த்து வரும் எண்ணைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். பிறகு 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு பேஸுக்கும் பாடிக்கும் நடுவே அளங்கள். நல்ல மோட்டார் நூறு மெகாஓமுக்கு மேல் காட்டும். பத்துக்குக் கீழே என்றால் ஈரமோ எண்ணெயோ இறங்கியிருக்கிறது. ஒன்றுக்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். டிரைவ் மாட்டியிருக்கும்போது மெக்கர் அடித்தால் டிரைவையும் சேர்த்துச் சாகடித்துவிடுவீர்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை. கப்ளிங்கைத் தளர்த்தி, பிரேக் இருந்தால் 24 வோல்ட் கொடுத்து விடுவித்து, ஷாஃப்ட்டை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று வயரும் தனித்தனியாக இருக்கும்போது லேசாகச் சுற்ற வேண்டும். காந்தத்தின் மெல்லிய தட்டுத்தட்டல் மட்டும் விரலில் தெரியும். இப்போது மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுகிற மாதிரி, சீராகக் கனக்க வேண்டும். வயர் பிரிந்திருக்கும்போதே இப்படிக் கனத்தால் உள்ளே வைண்டிங் ஷார்ட். ஒன்றாக முறுக்கிய பிறகும் கனக்கவே இல்லை என்றால் வைண்டிங் அறுந்திருக்கிறது, அல்லது காந்தம் பலமிழந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் பேரிங்.

காந்தத்தைச் சந்தேகித்தால் ட்ரில்லில் ஷாஃப்ட்டைப் பிடித்துச் சுற்றி, ஜோடி ஜோடியாக ஏசி வோல்டேஜ் அளங்கள். மூன்றும் சமமாக, டேட்டா ஷீட்டில் அந்த வேகத்துக்குச் சொன்னதை ஒட்டி இருந்தால் நல்லது. மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால் நியோடிமியம் காந்தம் சூட்டில் பலம் இழந்துவிட்டது. அதற்குப் பழுது பார்ப்பு கிடையாது, மோட்டாரை மாற்ற வேண்டியதுதான். மூன்றும் சமமாக இல்லை என்றால் வைண்டிங்.

இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றில் மோட்டார் தோற்ற பிறகு கழற்றுங்கள். ஆனால் பம்ப் மோட்டார் கட்டும் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் கை வேலையில் எனக்கு மரியாதை உண்டு. இது அவர்கள் மோட்டார் இல்லை. ரோட்டாரை வெளியே எடுத்து மேஜையில் வைத்த நொடியில் இரும்புத் தூளெல்லாம் காந்தத்தில் ஒட்டும். பின்மூடியைக் கழற்றி என்கோடரை ஒரு மயிரிழை திருப்பினாலும் கோண ஒழுங்கு போய், மாட்டியதும் முதலில் சொன்ன மாதிரி துள்ளும். என்கோடரைத் திரும்பச் சீரமைக்கும் கருவி வைத்திருக்கும் சர்வோ பழுதகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முன் பெயர்ப்பலகையையும் டிரைவின் அலாரம் வரலாற்றையும் போட்டோ எடுங்கள். கப்ளிங் வரவில்லை என்று ஷாஃப்ட்டில் சுத்தியல் போடாதீர்கள். அந்த அடி நேராகப் பின்னால் இருக்கும் என்கோடர் டிஸ்க்குக்குப் போகும். கிளாம்ப் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி, புல்லர் வைத்து இழுங்கள். கனெக்டர் வாய்களை டேப் போட்டு மூடி, ஷாஃப்ட் நுனிக்குத் தெர்மோகோல் வைத்து, பெட்டியில் மோட்டார் படுத்த நிலையில் ஆடாமல் கட்டி அனுப்புங்கள். கேபிளைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று லாரி ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.